ஊட்டுகிறவரையும் மருத்துவர் அறைக்குள் அழையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேத்திக்கு வரும் வாரம் பதினொரு மாதம் நிறைகிறது. கோயிலில் அவளுடைய தாய் ஊட்டிய முதல் சோற்றுக்குப் பிறகு, வாரநாள்களில் அவள் பகலில் சாப்பிட்டதெல்லாம் என் கையால்தான். எனக்கு வயது 67. சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநராக 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் பிள்ளைகள் இருவரையும் வளர்த்தது என் மனைவி. நான் விடியற்காலை நாலரைக்கே பணிமனைக்குப் போய்விடுவேன். அவர்களுக்கு ஒருவேளைகூட நான் சோறு ஊட்டியதில்லை. இப்போது மனைவி ஒரு பள்ளி உணவகக் கடையில் பிற்பகல் இரண்டு மணிவரை வேலை செய்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். மருமகளின் 16 வார மகப்பேற்று விடுப்பு முடிந்த நாளிலிருந்து பகலில் பிள்ளை என் பொறுப்பு.

அந்த 16 வாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது நான்கு மாதத்துக்கும் குறைவு. பிள்ளைக்குத் திட உணவு தொடங்குவதோ ஆறு மாத வாக்கில். அதாவது, பிள்ளைக்கு முதன்முதலாக ஊட்டிப் பழக்க வேண்டிய காலத்தில் பல வீடுகளில் தாய் அலுவலகத்தில் இருக்கிறாள். ஊட்டுவது பாட்டியாகவோ, என்னைப்போல் தாத்தாவாகவோ, பணிப்பெண்ணாகவோ, குழந்தைப் பராமரிப்பு நிலையத்து ஆசிரியையாகவோ இருக்கும். ஆனால் எதை, எப்படி, எப்போது ஊட்டுவது என்ற ஆலோசனை தாயின் காதுக்கு மட்டுமே போகிறது. எங்கள் வீட்டில் அதனால் ஒரு தவறு நடந்தது. தவறைச் செய்தவன் நான். மற்றவர்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆறாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது மருமகள். தாதி சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இரண்டு பக்கத் தாள் ஒன்றையும் வாங்கிவந்து குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து மாட்டினாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் எனக்குத் தெரியாதது இல்லை. சாலைப் பெயர்களையும் பணிமனைச் சுற்றறிக்கைகளையும் படித்து வேலை பார்த்தவன். ஆனால் அந்தத் தாளில் படமாக இருந்தவை புரோக்கோலியும் அவகாடோவும். எங்கள் அடுப்படியில் இருப்பவை புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, கேழ்வரகு மாவு. இதில் எதற்கு எது ஈடு என்று எனக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மருமகள் சொல்லித்தான் பார்த்தாள். அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இரவு ஏழரை. வந்ததும் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும், மறுநாளுக்குப் பால் எடுத்துப் பைகளில் தேதி எழுதி உறையவைக்க வேண்டும். பாவம், அவள் எத்தனை முறை உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்துவாள்?

மனைவிக்கு அனுபவம் உண்டு. ஆனால் அது 1989ஆம் ஆண்டு அனுபவம். பேத்திக்கு ஐந்தாம் மாதம் முடியுமுன்பே அலமாரியிலிருந்து வெள்ளிச் சங்கை எடுத்துத் திருநீறு போட்டுத் துலக்கி வைத்துவிட்டார். என் மகனுக்கு அதில்தான் கஞ்சி புகட்டினார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாக்கக் கிடத்தி, நான்காம் மாதத்திலேயே அரிசிக் கஞ்சி. அந்தக் காலத்தில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. நான்கு மாதத்திலிருந்தே தொடங்கலாம் என்றுதான் அப்போது மருத்துவர்களும் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001ல்தான் பரிந்துரைத்தது. இந்த மாற்றத்தை எங்கள் வயதுக்காரர்களிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

ஐந்தரை மாதத்தில் மனைவி ஒரு சிட்டிகை பூசணிக்காய் மசியலை விரல்நுனியில் எடுத்துப் பேத்தியின் நாக்கில் வைத்தார். நாக்கு அதை அப்படியே வெளியே தள்ளியது. வழித்து மறுபடி வைத்தார், மறுபடியும் தள்ளியது. மூன்றாம் முறை மோவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் போய் நின்றது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார் மனைவி. பிடிக்காமல் இல்லை. பால் தவிர வேறு எது வந்தாலும் வெளியே தள்ளும் இயல்போடுதான் பச்சைப்பிள்ளையின் நாக்கு இருக்கிறது. தொண்டைக்கு அது ஒரு காவல். ஆறு மாத வாக்கில் அந்தக் காவல் தானாக விலகும். இரண்டு வாரம் பொறுத்தோம். அதற்குள் தலை ஆடாமல் நின்றது. தலையணை அணை கொடுத்தால் உட்கார்ந்தாள். என் காப்பிக் குவளை மேசையிலிருந்து வாய்க்குப் போய்த் திரும்பும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். கரண்டியைக் கண்டதும் வாயைத் திறந்தாள்.

பெண்பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதத்தில் முதல் சோறு என்பது நம் வழக்கம். ஆறு முடிந்து ஏழு பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் உள்ள புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போனோம். என் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கோயில் செம்பவாங்கில் மரத்தடியில் இருந்த காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். மருத்துவம் சொல்லும் ஆறு மாதமும் முன்னோர் சொன்ன ஏழாம் மாதப் பிறப்பும் ஒன்றாக வந்ததில் எனக்கு மனம் நிறைந்தது.

அங்கே ஒரு மனத்தாங்கல் நேர்ந்தது. உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டுக்கொண்டு பிள்ளையின் வாயருகே வந்தார். மருமகள் சட்டென்று பிள்ளையின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வேண்டாம் பெரியம்மா, இதில் தேன் இருக்கிறது” என்றாள். பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிறந்ததும் சேனை என்று நாக்கில் இனிப்புத் தொட்டுவைத்த கை அது. பிரசாதத்தையே மறுக்கிறார்களே என்று அவர் சாப்பிடாமல் போய்விட்டார். தேனில் ஒருவகைக் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கக்கூடும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சு கக்கும், பிள்ளை பால் உறிஞ்சவும் அழவும் வலுவில்லாமல் துவண்டுபோகும், காய்ச்சினாலும் அந்தத் துகள்கள் சாவதில்லை, ஒரு வயதுக்குப் பிறகு பயமில்லை. இவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு இதை எனக்கு யாராவது தமிழில் சொல்லியிருந்தால் நானே பெரியம்மாவை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லியிருப்பேன். வயதானவர்களுக்குக் காரணம் சொன்னால் கேட்பார்கள். காரணம் சொல்லாமல் கையைத் தட்டிவிட்டால் அது அவமானமாகத்தான் தெரியும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். ஊட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் எனக்குக் கை நடுங்கியது. புழுங்கலரிசியை வறுத்து உடைத்த நொய்யில் கஞ்சி வைத்து, மத்தால் கடைந்து ஊட்டினேன். பேத்தி வழுவழுவென்று விழுங்கினாள். அழவில்லை, துப்பவில்லை. இதுவே நல்லது என்று பிடித்துக்கொண்டேன். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கேழ்வரகுக் கூழ், இடையில் மசித்த வாழைப்பழம். இறைச்சி, மீன், முட்டை பக்கம் நான் போகவே இல்லை. பல் முளைக்காத பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தேன். முட்டையும் மீனும் ஒரு வயதுக்குப் பிறகுதான் என்று மனைவியும் கேட்டு வளர்ந்தவர். இரண்டரை மாதம் இப்படியே ஓடியது. கன்னம் கொழுகொழுவென்று இருந்தது, எடையும் ஏறியது. எனக்கு ஒரே பெருமை.

எட்டரை மாதத்தில் சளிக்காகக் காட்டப் போனபோது மருத்துவர் பேத்தியின் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தாராம். உள்பக்கம் வெளுத்திருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தது. மருமகள் தொலைபேசியில் சொன்னபோது நான் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். இன்னும் அந்த நிமிடம் எனக்கு நெஞ்சில் இருக்கிறது.

அந்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மருமகளிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “பகலில் யார் ஊட்டுகிறார்கள்?” மாமா என்று சொன்னதும், அடுத்தமுறை அவரை அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தினமும் என்ன சமைக்கிறேன், எந்தப் பாத்திரம், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். பிறகு சொன்னார். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை தனக்கு வேண்டிய இரும்பைச் சேர்த்துக்கொண்டு பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும்தான், ஆனால் அதன் அளவு மிகக் குறைவு. ஆகவே ஆறாம் மாதத்தில் நாம் ஊட்டத் தொடங்கும் சோற்றின் முதல் வேலையே இரும்பைக் கொண்டுவந்து சேர்ப்பது. வெறும் அரிசிக் கஞ்சி அதைச் செய்யாது.

கேழ்வரகில் இரும்பு இருக்கிறதே டாக்டர் என்று கேட்டேன். இருக்கிறது, சுண்ணாம்புச்சத்து இன்னும் அதிகமாகவே இருக்கிறது, தொடர்ந்து கொடுங்கள் என்றார். ஆனால் தானியத்தில் இருக்கும் வேறு சில பொருள்கள் அந்த இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். கூழோடு பப்பாளி, கொய்யா, ஆரஞ்சு என்று வைட்டமின் சி உள்ள பழம் எதையாவது கொடுத்தால் இரும்பு நன்றாக ஏறும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பு எளிதாகவே சேர்ந்துவிடும். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு அல்லவா, தேநீர் அந்த இரும்பையும் சேரவிடாது என்றார். என் தாய் எங்களுக்கு அப்படிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

இருபது நிமிடம் பேசியிருப்பார். எனக்குப் புரிந்த தமிழில், என் அடுப்படியை வைத்தே பேசினார். அந்த இருபது நிமிடம் மூன்று மாதத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் என் பேத்தியின் விரலில் ஊசி குத்த நேர்ந்திருக்காது.

மறுநாளே தேக்கா சந்தைக்குப் புறப்பட்டேன். ஈசூனிலிருந்து ரயிலேறி தோபி காட்டில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. பிள்ளை வண்டியோடு போகச் சிரமமில்லை. சந்தையில் கோழி ஈரல் வாங்கினேன். காலா மீன் ஒரு துண்டு வாங்கினேன். மலாய்க்காரர்கள் இதைக் குராவ் என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் தன் பேரனுக்குக் கஞ்சியில் போடுவது இந்த மீனைத்தான். முள் பெரிதாக இருக்கும், சதை பூப்போல உதிரும். அவித்து, இரண்டு விரலுக்கு நடுவே ஒவ்வோர் உதிரியையும் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பருப்புச் சாதத்தில் கலக்கிறேன். வஞ்சிரத்தைவிட இதில் எனக்கு நிம்மதி. ஈரல் வாரம் ஒருமுறை, கட்டைவிரல் அளவுதான். அதில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நன்றாக வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து, வெந்த தக்காளிச் சாறோடு சேர்த்துவிடுவேன். முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். ஒரு சுவை பழகப் பத்துமுறைகூட ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் நான் அசரவில்லை. ஆறாவது முறை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

இரும்புச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். அது உள்ளே போனால் மலம் கறுத்துப்போகும். அதை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லாதிருந்தால் அன்றைக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடியிருப்பேன்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுவரை உப்பு சேர்க்க வேண்டாம், பிள்ளையின் சிறுநீரகம் இன்னும் பிஞ்சு. எங்கள் வீட்டில் இப்போது பருப்பு வெந்ததும் உப்பும் மிளகாயும் போடுமுன் பேத்தியின் பங்கு தனிக் கிண்ணத்துக்குப் போய்விடும். சாம்பாரை அப்புறம் இறக்கி அலசிக் கொடுக்கும் வேலையே இல்லை. நிலக்கடலை விஷயத்தில் மருமகள் எனக்கு ஆசிரியையாக இருந்தாள். 2015ல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றை அவள் எடுத்துச் சொன்னாள். கடுமையான தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வயதுக்குள்ளிருந்தே கடலையைப் பழக்கினார்கள். மறு பிரிவுக்குக் கொடுக்கவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை 80 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. நாங்கள் ஒரு சனிக்கிழமை காலையில், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, வறுத்து நைசாக அரைத்த கடலைப் பொடியில் ஒரு சிட்டிகையைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். தோல் அரிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுக் கடலை எந்தச் சின்னப் பிள்ளைக்கும் கூடாது, தொண்டையில் சிக்கும்.

தொண்டையில் சிக்குவதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பதாம் மாதம், காலை பதினொரு மணி. இட்லியைச் சுண்டுவிரல் அளவுக்கு நீளமாக வெட்டிக் கையில் கொடுத்திருந்தேன். கடித்தாள். சட்டென்று முகம் சிவந்தது, கண்ணில் நீர், நாக்கு வெளியே வந்து ‘கக்’கென்று சத்தம். நான் பதறிப்போய் அவளைத் தூக்கி வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினேன். இட்லி இன்னும் உள்ளேதான் போனது. நல்லவேளையாக அடுத்த நொடியில் அவளே இருமிக் கக்கிவிட்டாள். என் சட்டை முழுக்க இட்லி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலை பார்த்த காலத்தில் எனக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயணிக்கு உணவு சிக்கினால் பின்னால் நின்று வயிற்றை அழுத்தத் தெரியும். கைப்பிள்ளைக்கு அதைச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. பிற்பாடு ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்த வகுப்புக்கு மகனோடு போய்க் கற்றுக்கொண்டேன். சத்தத்தோடு இருமினால், முகம் சிவந்தால், பிள்ளை தானே வெளியே தள்ளப் பார்க்கிறது. அருகிலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து உதடு நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. உடனே ஒருவர் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். பிள்ளையை முன்கைமேல் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. பிறகு திருப்பி நெஞ்செலும்பின் நடுவே 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. பிள்ளை நினைவிழந்து துவண்டால் உடனே இதய இயக்க மீட்பு முதலுதவி (சிபிஆர்). கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக விரலைவிட்டுத் துழாவக் கூடாது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொன்னதால் எனக்குப் பிடிபட்டது. எல்லாத் தாத்தா பாட்டிக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவரப் பிள்ளை கிடைப்பதில்லை.

வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையை அவளுடைய பெற்றோரோ மாமனார் மாமியாரோ பார்த்துக்கொண்டால், அந்தத் தாய்க்கு 3,000 வெள்ளி வரி நிவாரணம் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நாங்கள்தான் என்பது அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதே அக்கறையோடு, ஆறாம் மாதத் தடுப்பூசிக்கு நேரம் குறித்துக் குறுஞ்செய்தி அனுப்பும்போது, ‘பகலில் பிள்ளைக்கு ஊட்டுகிறவரையும் அழைத்து வாருங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கும்படி சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். வர முடியாதவரைத் தொலைபேசியிலாவது அழைத்துப் பேசட்டும். சமூக மன்றங்களில் தமிழில் ஒரு காலைநேர வகுப்பு நடக்கட்டும். நொய்க்கஞ்சியில் எதைச் சேர்ப்பது, இட்லியை எந்த அளவில் வெட்டுவது, சிக்கினால் எப்படித் தட்டுவது என்று பாத்திரத்தையும் பொம்மையையும் வைத்துக் காட்டினால் இரண்டு மணி நேரம் போதும். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பணிப்பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறார். நான் மீன் மசிப்பதைப் பார்த்துவிட்டு, தானும் வெறும் கஞ்சிதான் கொடுத்து வருவதாக என்னிடம் மெல்லச் சொன்னார். அவருடைய முதலாளி அம்மாவிடம் நான்தான் போய்ப் பேசினேன்.

பேத்தியின் இரத்தத்தை மறுபடி பார்த்தாகிவிட்டது. அளவு ஏறியிருக்கிறது. சொட்டு மருந்தை இன்னும் சில வாரம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஈசூன் வட்டாரத்தில் அப்படி ஒரு வகுப்பு தொடங்கினால் நாற்காலி எடுத்துப்போடவும், வருகிறவர்களுக்குக் காய் மசித்துக் காட்டவும் நான் வருகிறேன். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் நல்லது. பதினொரு மணிக்குப் பேத்திக்குச் சோறு.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
ஈசூன்.